மைக் அணைந்த பிறகு: கிறிஸ்தவ இளைஞர் தலைமையும் நாவின் காவலும்

“அண்ணா, ஒரு ஜெபக்குறிப்பு. வெளியே யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

வாலிபர் கூட்டம் முடிந்து பைக்கை எடுக்கும் நேரத்தில் இப்படி ஒரு பேச்சு தொடங்கினால், அடுத்து வரப்போவது யாரோ ஒருவருடைய வீட்டு விவகாரம் என்பது சபைக்குப் பழகியவர்களுக்குத் தெரியும். பெயர் வரும், தெரு வரும், சந்தேகம் வரும். கடைசியில் “ஜெபிச்சுக்கோங்க” என்று முத்திரை விழும். கேட்டவர் அதே குறிப்பை இன்னும் இருவரிடம் கொண்டுபோவார். அடுத்த ஞாயிறுக்குள், சம்பந்தப்பட்டவரைத் தவிர எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருக்கும். அவருக்காக யாராவது முழங்காலிட்டார்களா என்பது வேறு கேள்வி.

இளைஞர்களைத் தலைவர்களாக உருவாக்க நம் சபைகளில் முகாம்களும் பயிற்சிகளும் நடக்கின்றன. செய்தி கொடுப்பது, சாட்சி சொல்வது, பாடல் வேளையை நடத்துவது, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்வது எல்லாம் அங்கே கற்றுத்தரப்படுகின்றன. எல்லாமே மைக்கைப் பிடித்த பிறகு செய்ய வேண்டியவை. மைக் அணைந்த பிறகு பேசும் பேச்சுக்குப் பயிற்சி இல்லை. ஆனால் வேதாகமமும் திருச்சபையின் வரலாறும் இளந்தலைவனை எடைபோடுவது பெரும்பாலும் அந்த இரண்டாவது பேச்சை வைத்துத்தான். வயது தராத அதிகாரத்தை அன்றாடப் பேச்சு தருகிறது. கவனிக்காவிட்டால் அதுவே பறித்தும்விடுகிறது. அது எப்படி என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பட்டியலின் முதல் சொல்

இளைஞர் ஞாயிறுகளில் அதிகம் வாசிக்கப்படும் வசனங்களில் ஒன்று 1 தீமோத்தேயு 4:12. இளமையைக் காரணம் காட்டி எவரும் உன்னை அசட்டைபண்ண இடம் கொடாதே, விசுவாசிகளுக்கு மாதிரியாக இரு என்பது அதன் பொருள். இந்த நிருபத்தைப் பவுலே எழுதினாரா, அவர் வழிவந்த மாணவர் எழுதினாரா என்று ஆய்வாளர்களிடையே விவாதம் உண்டு. எழுதியவர் யாராக இருந்தாலும், எபேசு சபையில் தன்னைவிட மூத்தவர்கள் நடுவே நிற்க வேண்டிய ஓர் இளைஞரின் சங்கடத்தை அவர் அறிந்திருக்கிறார்.

அக்காலத்து இளமை இன்றைய பதின்பருவம் அன்று. 2ஆம் நூற்றாண்டின் இரெனேயு, இளமையின் எல்லையை 40 வயதுவரை நீட்டுகிறார். ஆகவே தீமோத்தேயு சிறுவர் அல்லர். பொறுப்பு ஏற்கும் வயதில் இருந்தும் நரையின் மதிப்பு இன்னும் கிட்டாதவர். அவருக்குச் சொல்லப்படும் மாதிரிப் பட்டியலில் பழைய கிரேக்கக் கைப்பிரதிகளின்படி ஐந்து உண்டு: வார்த்தை, நடக்கை, அன்பு, விசுவாசம், கற்பு. நம் பழைய தமிழ் வேதாகமத்தில் ஆறாவதாக ‘ஆவி’யும் இருக்கிறது, அது பிற்காலக் கைப்பிரதிகளிலிருந்து வந்தது. ஐந்தோ ஆறோ, முதலில் நிற்பது வார்த்தைதான்.

விசுவாசத்துக்கும் அன்புக்கும் முன்னால் வார்த்தை ஏன் வந்தது? பட்டியல் மாதிரியைப் பற்றியது. மற்றவர் கண்ணுக்கும் காதுக்கும் எட்டுவதே மாதிரி ஆக முடியும். ஒருவனுடைய விசுவாசத்தை அளக்க ஆண்டுகள் ஆகும். அவன் பேசும் விதத்தை ஒரு தேநீர் குடிக்கும் நேரத்தில் அறிந்துவிடலாம். மூத்தவருக்கு வயது பேசும், செல்வருக்குப் பணம் பேசும், பரம்பரைக் குடும்பத்தாருக்குக் கல்லறைத் தோட்டத்துப் பெயர்ப்பலகைகூடப் பேசும். இளைஞனுக்காகப் பேச அவன் வாயைத் தவிர வேறொன்றுமில்லை.

‘நீர்’ என்றும் ‘நீ’ என்றும்

நாவைப் பற்றிய வேதப்பகுதி என்றால் யாக்கோபு 3ஆம் அதிகாரம் உடனே நினைவுக்கு வரும். குதிரையின் வாயில் கடிவாளம், கப்பலுக்குச் சுக்கான், காட்டுக்கு ஒரு பொறி என்று உவமைகள் அங்கே அடுக்கி வருகின்றன. ஆனால் அந்த அதிகாரம் எந்த வசனத்தில் தொடங்குகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. உங்களில் அநேகர் போதகராக வேண்டாம், போதிப்பவர்களுக்கு அதிக ஆக்கினை உண்டு என்பதே முதல் வசனம். அதாவது யாக்கோபு நாவைப் பற்றிப் பேசத் தொடங்குவது தலைவர்களிடம். கடிவாளமும் சுக்கானும் திசையைத் தீர்மானிக்கும் கருவிகள். தலைவனுடைய நாக்கு அவனை மட்டும் இழுத்துப்போவதில்லை. சபையே அந்தத் திசையில் திரும்புகிறது.

இதற்கு ஓர் அதிகாரம் முன்னால் இன்னும் கூர்மையான ஓர் இடம் உண்டு. ஆலயக் கூட்டத்துக்கு இருவர் வருகிறார்கள். ஒருவர் பொன்மோதிரமும் பளபளக்கும் உடையும் அணிந்தவர், மற்றவர் அழுக்குத் துணி உடுத்தியவர். இருவருக்கும் இடம் காட்டுபவர் சொல்லும் இரண்டு வாக்கியங்களை யாக்கோபு 2:3 எடுத்துக் காட்டுகிறது. கிரேக்கத்தில் இருவரையும் விளிக்கும் சொல் ஒன்றே. அந்த மொழியின் முன்னிலை ஒருமையில் மரியாதைப் படிகள் இல்லை. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்போ செல்வருக்கு ‘ஐயா’ என்றும் ‘நீர்’ என்றும் போட்டது; ஏழைக்கு ‘நீ’ என்று போட்டது. மொழிபெயர்ப்பாளர் மூலத்தில் இல்லாத ஒன்றைச் சேர்த்துவிட்டார் என்று குறைசொல்லலாம். என் எண்ணத்தில் அவர் அந்தக் காட்சியைத் தமிழ்நாட்டு ஆலய வாசலுக்கு மிகச் சரியாகக் கொண்டுவந்திருக்கிறார். கிரேக்கன் இருக்கையைக் கொண்டு காட்டிய பாரபட்சத்தைத் தமிழன் வினைமுற்றிலேயே காட்டிவிடுவான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அன்றாடப் பேச்சைக் காப்பது என்றதும் கெட்ட வார்த்தை பேசாமல் இருப்பது என்று நாம் சுருக்கிக்கொள்கிறோம். தமிழில் ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லாமல் ஒருவரைச் சிறுமைப்படுத்திவிடலாம். வாரிய உறுப்பினரின் கல்லூரி மகனை “வாங்க தம்பி” என்று அழைக்கும் வாய், ஐம்பது வயதுக் கோயில்குட்டியை “ஏய், இங்க வா” என்கிறது. ஒரு தெருவிலிருந்து வரும் பெரியவர் ‘அவர்’ ஆகிறார், இன்னொரு தெருவிலிருந்து வரும் பெரியவர் ‘அவன்’ ஆகிறார். இப்படிப் பேசும் வாலிபர் சங்கச் செயலாளரின் பேச்சில் வசைச்சொல் ஒன்றுமிராது. ஆனால் யாக்கோபின் கணக்கில் அவர் தேறமாட்டார். ஒரே வாயிலிருந்து தேவனுக்குத் துதியும், தேவசாயலில் உண்டான மனிதருக்குச் சாபமும் வருவது தகாது என்று 3:9-10 சொல்வதை, தமிழில் விகுதிவரை கொண்டுபோய்ப் பொருத்திப் பார்க்க வேண்டும்.

மொழிபெயர்ப்பும் இந்தத் திசையில் நகர்ந்திருக்கிறது. யோவான் 4ஆம் அதிகாரத்தில் கிணற்றடிக்கு வரும் சமாரியப் பெண் பழைய மொழிபெயர்ப்பில் ‘வந்தாள்’; 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் ‘வந்தார்’. ஓர் எழுத்து மாறியிருக்கிறது. ஊர் ஒதுக்கிவைத்த பெண்ணிடம் தாமே முன்வந்து பேசியவரின் மனதுக்கு இரண்டில் எது நெருக்கம் என்று இளைஞர் வேதபாட வகுப்பில் ஒரு மாலை முழுக்க விவாதிக்கலாம்.

அழுகிய மீனும் வேலையற்ற சொல்லும்

புதிய ஏற்பாட்டின் எழுத்தாளர்கள் சொற்களைப் பற்றிப் பேசச் சந்தையிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் சொற்களை எடுத்தார்கள். எபேசியர் 4:29 விலக்கும் பேச்சுக்குக் கிரேக்கத்தில் ‘சப்ரோஸ்’ என்ற அடைமொழி வருகிறது. தமிழில் அது ‘கெட்ட’ என்று ஆகியிருக்கிறது. மத்தேயு 13ஆம் அதிகாரத்தின் வலை உவமையில், கரையில் உட்கார்ந்து மீனைத் தரம்பிரிப்பவர்கள் எறிந்துவிடும் மீனுக்கும் இதே சொல்தான். முத்துநகர்க் கரையிலோ குளச்சலிலோ வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு கூடையில் ஒரு மீன் போதும். வீட்டுக்குக் கொண்டுபோனவரின் கையிலும் நாற்றம் நிற்கும். அதே வசனம் நல்ல பேச்சுக்கு அளவும் கொடுக்கிறது: அது தேவையை ஒட்டியதா, கட்டியெழுப்புகிறதா, கேட்பவருக்குக் கிருபையாக அமைகிறதா? மூன்று கேள்விகளும் கேட்பவரை மையமாகக் கொண்டவை. பேசியவனின் நல்லெண்ணம் அங்கே கணக்கில் இல்லை.

மத்தேயு 12:36 இன்னொரு வகையைச் சொல்கிறது. மனிதர் பேசும் வீண் வார்த்தைகளுக்கும் கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்கிறார் இயேசு. ‘வீண்’ என்பதற்கு அங்கே வரும் ‘அர்கோஸ்’ என்ற சொல்லுக்கு ‘வேலையற்ற’ என்று பொருள். திராட்சத் தோட்ட உவமையில் கூலி கிடைக்காமல் சந்தையில் நிற்பவர்களைக் குறிக்க மத்தேயு இதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார். ஒரு வேலையும் செய்யாமல் சுற்றும் சொல் அது. வாலிபர் வாட்ஸ்அப் குழுவில் நள்ளிரவில் வந்து விழும் “உண்மையா தெரியல, வந்ததை அனுப்புறேன்” வகைச் செய்திகளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் வள்ளுவர் நினைவுக்கு வராமல் இருக்கமாட்டார். நாவைக் காக்கச் சொல்லும் 127ஆம் குறள் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அவர் பேச்சைப் பற்றிய அதிகாரங்களை எங்கே வைத்தார் என்பது அவ்வளவாகக் கவனிக்கப்படாதது. இனியவை கூறல், புறங்கூறாமை, பயனில சொல்லாமை மூன்றும் இல்லறவியலில் வருகின்றன: 10, 19, 20ஆம் அதிகாரங்கள். சொல்வன்மையும் அவையஞ்சாமையும் பொருட்பாலில், 65, 73ஆம் அதிகாரங்களில் வருகின்றன. வீட்டிலும் தெருவிலும் பேசுவது முதலில், அவையில் பேசுவது பிறகு. வீரமாமுனிவர் 1730இல் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். 19 வயதில் தமிழகம் வந்து சாயர்புரத்தில் பணிசெய்த ஜி. யு. போப் 1886இல் முழு நூலையும் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். கிறிஸ்தவப் பணியாளர் இருவரைப் பிடித்திழுத்த நூலின் இந்த வரிசைமுறையை நம் பயிற்சி முகாம்கள் தலைகீழாக்கி வைத்திருக்கின்றன. அவையஞ்சாமையில் தொடங்குகிறோம், புறங்கூறாமைக்கு நேரம் கிடைப்பதில்லை.

நகைச்சுவையையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். எபேசியர் 5:4 விலக்கும் ‘யூட்ரபேலியா’வை அரிஸ்டாட்டில் தம் அறவியல் நூலில் நற்பண்பாக எண்ணினார், இடமறிந்து வேடிக்கையாகப் பேசும் திறமை அது. அதே சொல் நிருபத்தில் ஆபாசப் பேச்சின் பக்கத்தில் நிற்கிறது. சிரிப்பே பாவம் என்று இதற்குப் பொருளில்லை. நல்ல திறமையும் கெட்ட துணையோடு சேர்ந்தால் நிறம் மாறும். ஒருவனுடைய நிறத்தை, உடலை, வட்டார உச்சரிப்பை வைத்துப் பட்டப்பெயர் சூட்டி எல்லாரும் சிரிக்கும்போது, சூட்டப்பட்டவனும் சிரிக்கிறான். அவன் அடுத்த மாதம் கூட்டத்துக்கு வராமல் போனதற்குக் காரணம் தேடிப் பிறகு உபவாச ஜெபம் வைக்கிறோம்.

அறைக்குள் பேசியது அரங்கில் வெடித்தது

இளைஞர் தலைமையும் பேச்சும் மோதிய ஒரு வழக்கை 1 இராஜாக்கள் 12ஆம் அதிகாரம் பதிவுசெய்திருக்கிறது. சாலொமோன் இறந்தபின் ரெகொபெயாம் அரசனாகச் சீகேமுக்குப் போகிறான். தந்தை சுமத்திய நுகத்தை இலகுவாக்கும்படி மக்கள் கேட்கிறார்கள். மூன்று நாள் தவணை வாங்குகிறான். முதியவர்கள் சொன்ன ஆலோசனையின் சாரம் பேச்சைப் பற்றியது: இன்று இவர்களுக்கு நல்வார்த்தை சொன்னால் என்றும் உனக்குப் பணிந்திருப்பார்கள். அவனோடு வளர்ந்த இளையவர்கள் வேறு வசனம் எழுதிக் கொடுத்தார்கள். என் சுண்டுவிரல் என் தகப்பனின் இடுப்பைவிடப் பருமன் என்று சொல். அவர் சவுக்கால் அடித்தார், நான் தேள்களால் தண்டிப்பேன் என்று சொல்.

அரசன் மக்களிடம் பேசிய 14ஆம் வசனத்தைக் கவனமாக வாசித்தால் ஒன்று தெரியும். நுகமும் சவுக்கும் தேளும் அங்கே இருக்கின்றன; சுண்டுவிரல் மட்டும் இல்லை. நண்பர்களிடையே கைதட்டு வாங்கும் அந்தக் கொச்சையான வீம்பை அரங்கில் சொல்ல அவனுக்கே கூச்சமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்த வீம்பு பிறந்த மனநிலையை அவனால் வடிகட்ட முடியவில்லை. அறைக்குள் பழகிய தொனி அரங்கில் தானாக வந்துவிட்டது. பத்துக் கோத்திரங்கள் பிரிந்தன. கட்டாய வேலைக்குத் தலைவனான அதோராமை மக்கள் கல்லெறிந்து கொன்றார்கள். அரசன் இரதமேறி எருசலேமுக்கு ஓடினான்.

14:21இன்படி அப்போது அவனுக்கு 41 வயது. ஆலோசனை சொன்னவர்களோ ‘வாலிபர்’ என்றே அழைக்கப்படுகிறார்கள். மைக்குக்கு ஒரு பேச்சு, நண்பர் வட்டத்துக்கு ஒரு பேச்சு என்று இரண்டு கணக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கும் எவருக்கும் சீகேம் பாடமாக இருக்கிறது. பயிற்சி நடப்பது நண்பர் வட்டத்தில்தான். மைக்கில் நடப்பது பரீட்சை.

எடின்பரோ, 1910

இதற்கு நேரெதிரான உதாரணம் நம் பக்கத்து ஊர்க்காரர். திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874இல் ஒரு கிராமப் போதகரின் மகனாகப் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1895இல் ஒய்.எம்.சி.ஏ.வின் செயலாளராகி இளைஞர்களிடையே ஊழியம் செய்தார். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கமும் 1905இல் செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கமும் உருவாக முன்னின்றவர்களில் ஒருவர். 1909இல் குருத்துவ அபிஷேகம் பெற்றுத் தெலுங்கு பேசும் தோர்ணக்கல்லுக்குப் போனார். தமிழ் மேடைகளில் பேர்பெற்றவர் அங்கே இன்னொரு மொழியைப் படித்துப் பேச வேண்டியிருந்தது.

1910 ஜூனில் எடின்பரோ நகரில் உலக மிஷனரி மாநாடு கூடியது. சுமார் 1,200 பிரதிநிதிகள். ஆசியர்கள் இருபது பேர்கூட இல்லை. அங்கே அயல்நாட்டு ஊழியருக்கும் உள்நாட்டு ஊழியருக்கும் இடையிலான ஒத்துழைப்பைப் பற்றிப் பேச அசரியாவை அழைத்திருந்தார்கள். அப்போது அவருக்கு 35 வயது. அரங்கில் இருந்தவர்களில் பெரும்பாலோர் எந்த மிஷனரிச் சமூகத்தின் பணத்திலும் பள்ளியிலும் அவர் வளர்ந்தாரோ அந்தச் சமூகத்தார்.

இந்தியாவின் பல பகுதிகளில் பத்தாண்டுகளாகத் தாம் கண்டதிலிருந்து அவர் பேசினார். ஐரோப்பிய மிஷனரிகளுக்கும் இந்திய ஊழியர்களுக்கும் இடையே உறவு இருக்க வேண்டியபடி இல்லை. ஒதுக்கம் இருக்கிறது, மனம்விட்ட பேச்சு இல்லை, நட்பு இல்லை என்றார். முடிவில் 1 கொரிந்தியர் 13ஆம் அதிகாரத்தின் சாயலில், உடைமைகளைக் கொடுத்தீர்கள், உடலையும் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், இந்தியத் திருச்சபை அதை நன்றியோடு நினைவுகூரும் என்று சொல்லி, அன்பையும் தாருங்கள், நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். அரங்கில் சிலர் நெகிழ்ந்தார்கள், சிலர் புண்பட்டார்கள். இன்று அந்த மாநாட்டின் மற்ற உரைகளைவிட அதிகம் நினைவுகூரப்படுவது அந்த உரைதான்.

இதில் நாவின் காவல் எங்கே இருக்கிறது? கடுமையான குற்றச்சாட்டு, அதுவும் மூத்தவர்கள்மீது. ஆனால் அதைச் சொன்ன முறையைப் பாருங்கள். கேள்விப்பட்டதைச் சொல்லவில்லை, பத்தாண்டு கண்டதைச் சொன்னார். முதுகுக்குப் பின்னால் சொல்லவில்லை. சம்பந்தப்பட்டவர்களின் முகத்துக்கு நேரே, தம் பெயரோடு சொன்னார். தனி மனிதர் எவரையும் நிறுத்திவைத்து அவமானப்படுத்தவில்லை. ஒரு வழக்கத்தைச் சுட்டினார். அவர்கள் செய்த நன்மையை மறைக்கவில்லை. கடைசியில் குற்றம் சாட்டுவதோடு நிற்காமல் ஒன்றைக் கேட்டார். அந்த ஐந்தில் ஒன்று குறைந்திருந்தாலும் அது புலம்பலாகவோ வசையாகவோ போயிருக்கும். சுமார் இரண்டரை ஆண்டுகள் கழித்து, 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் அவர் தோர்ணக்கல் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர். பளிச்சென்று பேசியதால் அவருடைய தலைமை குறையவில்லை.

ஒரே விதி கொண்ட செமினரி

நாவுக்கு ஒரு விதியை எழுதி இளைஞர்களோடு வாழ்ந்தே பார்த்தவர் தீத்ரிக் பான்ஹோஃபர். 1933 பிப்ரவரி 1 அன்று, ஹிட்லர் பதவியேற்ற இரண்டாம் நாள், அவர் பெர்லின் வானொலியில் பேசினார். உரையின் பொருள், இளைய தலைமுறை தலைவன் என்பவனை எப்படிப் பார்க்கிறது என்பது. தன்னை விக்கிரகமாக்கிக்கொள்ளும் தலைவன் வழிகெடுப்பவனாகிவிடுவான் என்பது அதன் எச்சரிக்கை. உரை முடியுமுன்பே ஒலிபரப்பு நின்றது. அப்போது அவருக்கு 27 வயது நிறைய மூன்று நாள் இருந்தது.

இரண்டாண்டு கழித்து, நாஜிப் பிடிக்குள் போக மறுத்த ‘அறிக்கைத் திருச்சபை’க்காக ஒரு செமினரியை நடத்தும் பொறுப்பு அவருக்கு வந்தது. அது ஃபின்கன்வால்டே என்ற இடத்தில், இன்றைய போலந்தின் ஷ்செச்சின் நகரை ஒட்டி இயங்கியது. மாணவர்கள் அவரைவிடச் சற்றே இளையவர்கள். அங்கே பான்ஹோஃபர் வைத்த விதி ஒன்றைப் பற்றி அவருடைய மாணவரும் நண்பருமான எபெர்ஹார்ட் பெத்கே எழுதியிருக்கிறார். கூட இல்லாத சகோதரனைப் பற்றிப் பேசக் கூடாது. பேசிவிட்டால் அதை அவனிடமே போய்ச் சொல்லிவிட வேண்டும். விதி அடிக்கடி மீறப்பட்டது. ஆனால் மீறியவன் போய்ச் சொல்ல வேண்டியிருந்ததில்தான் அதன் பலன் இருந்தது.

1937இல் கெஸ்டாப்போ செமினரியை மூடியது. அந்த அனுபவத்திலிருந்து எழுதிய நூல் 1939இல் வெளிவந்தது. அதில் சமூக வாழ்வின் ஊழியங்களை அவர் அடுக்கும் வரிசை கவனத்துக்குரியது. சீடர்களுக்குள் யார் பெரியவர் என்று எழுந்த வாக்குவாதத்தை, லூக்கா 9:46ஐ, முதலில் நினைவூட்டுகிறார். அதன்பின் முதல் ஊழியம் நாவை அடக்குவது. சாந்தமும் செவிகொடுத்தலும் உதவியும் ஒருவரையொருவர் சுமப்பதும் அடுத்தடுத்து வருகின்றன. வசனத்தை எடுத்துச் சொல்வது அவற்றுக்குப் பிறகே. அதிகாரம் எல்லாவற்றுக்கும் கடைசியில். ‘யார் பெரியவர்’ என்ற கேள்வி எழுந்த இடத்திலேயே புறங்கூறுதல் தொடங்குகிறது என்பதை அவர் கண்டுகொண்டிருக்கிறார். இன்னொருவரைக் குறைத்தால் தன் உயரம் கூடும் என்பது எல்லாப் புறணியின் அடியிலும் கிடக்கும் கணக்கு. வாலிபர் சங்கத் தேர்தல் நேரத்தில் புறணி கூடுவதைப் பார்த்தவர்களுக்கு இதற்குச் சான்று வேண்டாம்.

அரசு கையில் எடுத்துக்கொண்ட வானொலியில் துணிந்து பேசியவரும், இல்லாதவனைப் பற்றிப் பேசாதே என்று விதி வைத்தவரும் ஒரே மனிதர். அசரியாவிடம் கண்டதும் இதுதான். நேரே பேசும் துணிவு உள்ளவர்களுக்கு மறைவில் பேச வேண்டிய தேவை இல்லை.

பேசாமை காவல் ஆகாது

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. நாவைக் காப்பது என்ற உபதேசம் பல சபைகளில் வாயை அடைக்கும் பூட்டாகப் பயன்பட்டிருக்கிறது. கணக்கில் குளறுபடி என்று கேட்ட இளைஞனிடம் யாக்கோபு 3ஐ வாசித்துக் காட்டுகிறார்கள். தன்னிடம் முறைகேடாக நடந்த ஒருவரைப் பற்றிப் புகார் சொல்ல வந்த பெண்ணிடம், ஊழியத்துக்குப் பேர் கெட்டுவிடும், நாவை அடக்கு என்கிறார்கள். இது வசனத்தைத் தலைகீழாகப் பிடிப்பது. யாக்கோபு எச்சரித்தது போதிக்கும் இடத்தில் இருப்பவரை. அதிகாரம் இல்லாதவரை அன்று. ஊமையனுக்காக வாயைத் திற என்பதும் அதே வேதாகமத்தில், நீதிமொழிகள் 31:8இல் இருக்கிறது. நடந்த கொடுமையை விசாரிக்கக் கூடியவரிடம் சொல்வதற்குப் பெயர் சாட்சி. புறங்கூறுதல் என்று அதற்குப் பெயர் வைப்பவர்கள் தங்களைக் காத்துக்கொள்கிறார்கள், நாவை அல்ல.

பழைய துறவிகளும் இந்தச் சமநிலையை அறிந்திருந்தார்கள். எகிப்தியப் பாலைவனத் துறவி அகத்தோன், பேசாமையைக் கற்க மூன்று ஆண்டு வாயில் கல்லை வைத்துக்கொண்டார் என்று அவர்களுடைய மரபு சொல்லும். ஆனால் 6ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் எழுதிய மடத்து ஒழுங்கில், 6ஆம் அதிகாரம் மௌனத்தை வலியுறுத்துமுன் 3ஆம் அதிகாரம் வேறொன்றைச் சொல்லிவிடுகிறது. முக்கியக் காரியங்களில் மடத்துத் தலைவர் எல்லாரையும் கூட்டிக் கேட்க வேண்டும், ஏனெனில் ஆண்டவர் பலமுறை நல்ல யோசனையை இளையவருக்கே வெளிப்படுத்துகிறார். மூத்தவர்கள் இளையவரைப் பேசவிடாத சபையில், இளையவர் வாசலுக்கு வெளியே நின்று பேசுவார்கள். அந்தப் புறணிக்குப் பாதிப் பொறுப்பு உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுடையது.

சங்கீதம் 141:3இல் தாவீது கேட்பது வாய்க்கு ஒரு காவல், உதடுகளுக்கு ஒரு வாசற்காவல். வாசற்காவலனின் வேலை அடைப்பது மட்டும் இல்லை. யாரை எப்போது விடவேண்டும் என்று அறிந்து திறப்பதும்தான். திறக்கவே தெரியாத காவலன் நிற்கும் வாசல் சுவர்.

அடுத்த கூட்டத்துக்கு முன்

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துப் போர்ட்லண்டில் 1881 பிப்ரவரி 2 அன்று போதகர் ஃபிரான்சிஸ் கிளார்க் தொடங்கிய கிறிஸ்தவ முயற்சி இயக்கம், தன் உறுப்பினரிடம் ஓர் உறுதிமொழி வாங்கியது. ஒவ்வொரு கூட்டத்திலும் பாடுவதைத் தவிர வேறு ஏதாவதொரு பங்கு எடுக்க வேண்டும் என்பது அதிலிருந்தது. பேசத் தயங்கிய ஒரு தலைமுறையின் வாயைத் திறந்துவைத்த நல்ல ஏற்பாடு அது. இன்றைய இளைஞனுக்கு வாய் திறந்தே இருக்கிறது, கைப்பேசியும் திறந்தே இருக்கிறது. அவனுக்கு வேறொரு உறுதிமொழி தேவை. ஃபின்கன்வால்டேயின் விதியையே எடுத்துக்கொள்ளலாம்: இல்லாதவரைப் பற்றிப் பேசமாட்டேன், பேசிவிட்டால் அவரிடமே போய்ச் சொல்லுவேன். மத்தேயு 18:15 ஏற்கெனவே சொன்னதும் இதுதான். உன் சகோதரன் குற்றம் செய்தால் முதலில் அவனிடம், நீயும் அவனும் தனித்திருக்கையில் சொல்.

வாலிபர் ஐக்கியங்களை நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முகாமில் செய்தி கொடுக்கும் வகுப்புக்கு ஒதுக்கிய நேரத்தில் பாதியை இதற்கு ஒதுக்குங்கள். யாரை ‘நீ’ என்கிறோம், யாரை ‘நீங்க’ என்கிறோம் என்று பிள்ளைகளையே ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். குழுவில் கடந்த வாரம் போன செய்திகளை எபேசியர் 4:29இன் மூன்று கேள்விகளால் தரம்பிரிக்கச் சொல்லுங்கள். மூத்தவர்களிடம் சொல்ல வேண்டிய ஒன்றை அசரியாவைப் போல நேரே, பெயரோடு, ஒரு விண்ணப்பமாக எழுதப் பழக்குங்கள். அதை வாசிக்க மூத்தவர்களையும் உட்காரவையுங்கள்.

அதுவரைக்கும், “அண்ணா, ஒரு ஜெபக்குறிப்பு” என்று யாராவது தொடங்கினால், “அவருக்குத் தெரியுமா, நீ இதை என்கிட்ட சொல்றது?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். தெரியும் என்றால் அங்கேயே நின்று இருவரும் ஜெபியுங்கள். தெரியாது என்றால், வண்டியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு இருவருமாகப் போங்கள்.